வயலினும் கிட்டாரும் சேர்ந்து உட்காரும்போது ‘சா’வைப் பிடித்திருப்பது யார்?

பத்து வருடம் கர்நாடக வயலின் கற்றிருக்கிறீர்கள். கிட்டார், பேஸ் (அடிச்சுரங்களுக்கான கிட்டார்), கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) வாசிக்கும் மூன்று நண்பர்களோடு சனிக்கிழமை மாலை ஜாம் பண்ண உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறது. வெஸ்டர்ன் தியரி முழுவதும் படித்தால்தான் இது சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தியரியைக் கேட்பதுபோல இருந்தாலும் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எழுதி வைத்த பாட்டு கையில் இல்லாமல், வெவ்வேறு பழக்கத்தில் வளர்ந்த நான்கு பேர் இருபது நிமிடம் சேர்ந்து வாசிக்க, முன்கூட்டியே எதையெல்லாம் பேசிக்கொள்ள வேண்டும்? ஐந்து நிமிடப் பேச்சு போதும். அதில் முதல் மூன்று நிமிடம் சா, அதாவது ஆதார ஷட்ஜம், எங்கே இருக்கிறது, அதைக் கடைசிவரை பிடித்திருப்பது யார் என்பதற்கே போக வேண்டும். உங்கள் குழுவில் நடப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நமக்குச் சா ஒரு தடவை வைத்தால் கச்சேரி முடியும்வரை அசையாது. தம்புரா அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கிட்டார்காரருக்கு அப்படி இல்லை. அவர் ஒரு கார்டிலிருந்து (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இன்னொன்றுக்குப் போகும்போது, பேஸில் ஒலிக்கும் சுரம் கொஞ்ச நேரத்துக்கு வீடு ஆகிவிடும். பிறகு அதை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போவார். அவருடைய இசையின் அழகே அந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. இரண்டும் மோதும்போது என்ன ஆகிறது என்று ஒரு உதாரணம். நீங்கள் 2 கட்டையில், அதாவது டி-யைச் சாவாக வைத்து மோகனம் வாசிக்கிறீர்கள். நம் சா, ரி, கா, பா, தா அவருக்கு டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி என்ற ஐந்து சுரங்கள். அந்த ஐந்துக்குள்ளேயே அமையும் பி மைனர் கார்டை அவர் பிடிக்கிறார். தப்பான சுரம் ஒன்றும் இல்லை. ஆனால் பேஸ்காரர் அந்த பி-யிலேயே இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) நின்றுவிட்டால், அறையில் இருக்கும் எல்லோருக்கும் பி சாவாகக் கேட்க ஆரம்பிக்கும். மோகனத்தின் தைவதமான பி-யைச் சாவாக எடுத்தால் வருவது சுத்த தன்யாசி. நீங்கள் மோகனம் என்று நினைத்துக் காந்தாரத்தில் நிற்கிறீர்கள். கேட்பவர் காதில் அது சுத்த தன்யாசியின் பஞ்சமமாக விழுகிறது. சாவை இடம் மாற்றி வேறு ராகம் காட்டும் கிரகபேதம் என்று நாம் வித்தையாகச் செய்து காட்டுவது இங்கே யாரும் கேட்காமலே நடந்துவிடுகிறது. உங்கள் பிடிகள் (ராகத்துக்குரிய சுரத்தொடர்கள்) ‘பொருந்தவில்லை’ என்று தோன்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

அதனால் முதல் நாள் விதி ஒன்றுதான்: பேஸ் சாவை விட்டு நகரக் கூடாது. கிட்டார் மேலே என்ன கார்டு மாற்றினாலும் அடியில் டி ஒலித்துக்கொண்டிருந்தால் உங்கள் காதும் கையும் தடுமாறாது. பேஸ்காரருக்கு இது சலிப்பாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரே சுரத்தில் நின்றபடி தாளத்தைப் பலவிதமாகப் பிரித்துக் காட்டுவது நல்ல வேலை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

2 கட்டையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பேஸின் நான்கு கம்பிகள் கனத்ததிலிருந்து இ, ஏ, டி, ஜி. கனத்த கம்பியை மட்டும் இ-யிலிருந்து டி-க்கு இறக்கினால், விரல் வைக்காமலே சா, பா, சா, மா கிடைத்துவிடும். கிட்டாரில் கனத்த கம்பியையும் மெல்லிய இரண்டு கம்பிகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வரும். அதாவது சா பா சா மா பா சா. மீட்டினாலே தம்புராவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் இந்தச் சுருதியில் பழகாதவருக்குக் கார்டு பிடிக்கும் விரலமைப்பு எல்லாம் மாறிப்போகும். அப்படிப்பட்டவர் கனத்த கம்பியை மட்டும் இறக்கினால் போதும். நீங்கள் வழக்கமாக வேறு கட்டையில் வாசிப்பவராக இருந்தால், 2 கட்டைக்கு வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு வாருங்கள். புதிதாக ஏற்றிய, இறக்கிய கம்பி உடனே நிலைக்காது. அங்கே வந்து சேர்த்தால் முதல் அரைமணி நேரம் நழுவிக்கொண்டே இருக்கும். புல்லாங்குழலோ கடமோ வரும் நாளில் கணக்கு மாறும். அவற்றின் சுருதியை அதிகம் அசைக்க முடியாது. கம்பி வாத்தியங்கள்தான் அவற்றிடம் போக வேண்டும். குழல், அறையின் சூடு ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் (அரைச்சுரம் என்பது 100 சென்ட்). ஏசி அறையில் சேர்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனால் 10 டிகிரி வித்தியாசத்தில் 30 சென்ட் போய்விடும், அது யாருக்கும் கேட்கும்.

அடுத்தது ராகம். மோகனம்தான் எல்லோரும் முதலில் எடுப்பது. ஆனால் கிட்டார்காரரின் கை பழக்கத்தில் போகும் டி, ஜி, ஏ என்ற மூன்று கார்டுகளில் ஜி கார்டு மத்தியமத்தையும், ஏ கார்டு காகலி நிஷாதத்தையும் கொண்டுவந்துவிடும். இரண்டும் மோகனத்தில் இல்லாதவை. முதல் நாளுக்கு நான் சொல்வது கரகரப்ரியா. டி-யைச் சாவாக வைத்தால் கரகரப்ரியாவின் ஏழு சுரங்களும் கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளிலேயே விழும். பின்னால் ஒரு கீபோர்டுகாரர் சேர்ந்தாலும் “கறுப்பைத் தொடாதீர்கள், டி-தான் வீடு” என்ற ஒரு வரி போதும். ஜாஸ், ராக் பக்கம் இதே வரிசையை டோரியன் என்பார்கள். டி மைனர் செவன்த் நான்கு அடி, ஜி கார்டு நான்கு அடி, இரண்டும் சேர்ந்தால் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம். இந்த இரண்டு கார்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். ஜி வரும்போதும் பேஸ் டி-யில் நிற்கட்டும். பேஸும் ஜி-க்கு நகர்ந்து அங்கேயே தங்கினால் மத்தியமம் சாவாகி, ஹரிகாம்போதி கேட்க ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். கரகரப்ரியாவின் காந்தாரத்தை நாம் அசையாமல் வைப்பது அபூர்வம். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் ஆட்டித்தான் வைப்போம். கிட்டாரில் அதே இடத்தில் எஃப் என்ற சுரம் கல் மாதிரி நிற்கும். நீங்கள் ஆட்டும்போது அவர் அதை நீட்டிப் பிடித்திருந்தால் இருவருமே சுருதி விலகியதுபோல் கேட்கும், உண்மையில் இருவருமே சரியாக இருந்தாலும். தீர்வு, கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடுவது. டி மைனர் செவன்தில் டி, எஃப், ஏ, சி என நான்கு சுரம். எஃப்-ஐ விட்டுவிட்டு டி, ஏ, சி மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். காந்தாரம் முழுக்க உங்கள் கைக்கு வந்துவிடும். மேஜர் கார்டுக்கும் இதே தீர்வுதான், காரணம் வேறு. சுத்தமாக நிற்கும் அந்தர காந்தாரம் சாவுக்கு 5/4 மடங்கு. கிட்டாரின் மெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) கிடைக்கும் காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் உயரம். டி-யைச் சாவாக வைத்தால் நடு ஸ்தாயியில் உங்கள் காந்தாரம் சுமார் 367 ஹெர்ட்ஸ், அவருடையது 370. இரண்டையும் சேர்த்து நீட்டினால் விநாடிக்கு மூன்று முறை ஒரு அலைவு கேட்கும். யாருடைய காதும் பழுதில்லை, அளவு முறையே வேறு. பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், அதனால் சா-பா மட்டும் உள்ள கார்டு எப்போதும் பத்திரம்.

தோடி, வராளி, சஹானா, பேகடா போன்றவற்றைக் கொஞ்ச காலத்துக்கு எடுக்க வேண்டாம். அவற்றின் உயிர் கமகத்திலும் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வக்கிரப் பிடிகளிலும் (வரிசை மாறி வளைந்து போகும் தொடர்கள்) இருக்கிறது. சுர வரிசையை மட்டும் எழுதிக் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது எலும்புக்கூடுதான். கீரவாணி, ஹிந்தோளம், சாருகேசி, சுத்த தன்யாசி நன்றாக ஓடும். கீரவாணி அவர்களுடைய ஹார்மோனிக் மைனர் என்பதால் அவர்கள் கை ஏற்கெனவே அங்கே பழகியிருக்கும். நீங்கள் கமகத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நினைத்தால் ஒன்றை மனதில் வையுங்கள்: மெட்டு வைத்த கிட்டாரில் கம்பியை இழுத்தால் சுரம் மேலே மட்டும்தான் போகும். அதனால் வீணையில் செய்வதுபோல, கீழ் மெட்டில் விரல் வைத்து மேல் சுரத்துக்கு இழுக்கச் சொல்ல வேண்டும். 1970-களில் எல். சங்கர், ஜாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுத்த தனி கிட்டார் செய்துகொண்டதற்குக் காரணமும் இந்த இழுப்புதான். சாதாரண கிட்டாரோடு வருபவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தாளத்துக்கு வருவோம். ஆதி தாளமும் அவர்களுடைய நான்கு அடி பாரும் (அவர்கள் தாளத்தின் ஒரு கட்டம்) கணக்கில் ஒத்துப்போகும்: இரண்டு பார், எட்டு அட்சரம் (அடி). குழப்பம் சத்தத்தில் வருகிறது. ராக், பாப் வகை வாசிப்பில் பலத்த அறை 2, 4, 6, 8-இல் விழும். நாம் தட்டுவது 1, 5, 7-இல். பலமாகக் கேட்பதையே தட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தில் இரண்டாம் அட்சரத்தைச் சமம் (சுற்றின் முதல் அடி) என்று நினைத்து ஒரு அட்சரம் தள்ளி இறங்கிவிடுவோம். கஹோன்காரர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பரிகாரம் எளிது. வயலினைக் கீழே வைத்துவிட்டு, அவர் வாசிக்க, நீங்கள் கையால் ஆதி போடுங்கள். அவருடைய கனமான அடி 1, 3, 5, 7-இல் வருவதால் உங்கள் தட்டு மூன்றும் அந்தக் கனத்தின்மேல் விழும். பலத்த அறைகள் விரலிலும் வீச்சிலும் விழும். ஐந்து நிமிடம் இப்படிப் போட்டால் உடம்பில் ஏறிவிடும். வாசிப்பதற்குப் பல்லவி மாதிரி ஒரு வரி எடுத்தால் சம எடுப்பாக இருக்கட்டும். அரை இடம், ஒன்றரை இடம் தள்ளி ஆரம்பிக்கும் வரியைக் கேட்டால், அவர் அந்த இடத்தையே ‘ஒன்று’ என்று எடுத்துக்கொண்டு முழுத் தாளத்தையும் நகர்த்திவிடுவார்.

அவர்கள் பன்னிரண்டு பார் ப்ளூஸ் வாசிக்கலாம் என்பார்கள். பயப்பட வேண்டாம், பன்னிரண்டு பார் என்பது ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் சாவின்மேல், மூன்றாவது மத்தியமத்தின்மேல், நான்காவது மறுபடி சா, ஐந்தாவதில் பாதி பஞ்சமம் பாதி மத்தியமம், ஆறாவது சா. இங்கே மட்டும் பேஸ் நகரும், நகரத்தான் வேண்டும். அதனால் இதை இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுத்த தன்யாசி வாசித்தால் ஆறு ஆவர்த்தனத்துக்கும் பொருந்தும். மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் பிரதி மத்தியமத்தைத் தொட்டு வந்தால் ப்ளூஸ் வாசனை வந்துவிடும். அடியில் அந்தர காந்தாரம் ஒலிக்க, மேலே நீங்கள் அதைவிட ஒரு அரைச்சுரம் கீழான ‘சாதாரண காந்தாரம்’ வாசிப்பீர்கள். நம் காதுக்கு அபஸ்வரமாகத் தோன்றும் அந்த உரசல்தான் ப்ளூஸின் குணம், சரிசெய்ய முயலாதீர்கள். இன்னொன்று, ப்ளூஸ் பெரும்பாலும் திஸ்ர நடையில் (அட்சரத்துக்கு மூன்று மாத்திரை) ஆடும். அதன்மேல் சதுஸ்ரத்தில் (நான்கு மாத்திரை) சர்வலகு, அதாவது சீரான ஓட்டம், வாசித்தால் இரண்டு வண்டி ஒரே தடத்தில் போவதுபோல இடிக்கும்.

ஐந்து அட்சரத்துக்குப் போனால் பிரிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டசாபு நமக்கு 2+3. டேவ் ப்ரூபெக் குழு 1959-இல் பதிவுசெய்த ‘டேக் ஃபைவ்’ கேட்டு வளர்ந்தவருக்கு ஐந்து என்றால் 3+2. மொத்தம் சரியாக இருக்க, உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் இடறும்.

முறை எடுத்து வாசிப்பதில் நம் இரு பக்கமும் எதிர்பாராத அளவுக்கு நெருக்கம். ஜாஸ்காரர்கள் நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிப்பது நமக்கு இரண்டு ஆவர்த்தனக் கேள்வி-பதில். அவர்கள் நீளத்தை மாற்றுவதில்லை. நாம் குறைப்பு செய்வோம், அதாவது முறைக்கு முறை நீளத்தைச் சுருக்குவோம். “இரண்டு, ஒன்று, அரை, கால்” என்று விரலால் காட்டிவிட்டுத் தொடங்கினால் அவர்கள் குஷியாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு முன் ஆளுக்குப் பதினாறு ஆவர்த்தனம் தனியாக வாசிக்க வையுங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஒரு ஆவர்த்தனம் 6 விநாடி, பதினாறு என்றால் 96 விநாடி. ஒருவர் சொல்ல நினைத்ததைச் சொல்ல அது போதும். மற்றவர் காத்திருப்பதற்கும் தாங்கும்.

முடிப்புதான் பல குழுக்கள் திணறும் இடம். யாருக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சத்தம் தேய்ந்து தேய்ந்து நிற்கும். ஒரு சின்னக் கோர்வை (மூன்று தடவை வந்து சமத்தில் முடியும் தாளச்சொல் கோவை) போதும். “த தி , கி ண தொம்” ஆறு மாத்திரை. மூன்று தடவை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி: 6+1+6+1+6, மொத்தம் 20. ஆதியில் அட்சரத்துக்கு நான்காக 32 மாத்திரை, ஆகவே 12 விட்டு, சரியாக நான்காவது அட்சரத்தில் தொடங்கினால் அடுத்த சமத்தில் எல்லோரும் ஒன்றாக விழலாம். உள்ளே கார்வை (நீட்டல்) இல்லாத ஐந்து மாத்திரை ததிகிணதொம் வைத்தால் எத்தனை இடைவெளி கொடுத்தாலும் அட்சரத்தின்மேல் தொடங்காது. நமக்கு அது சாதாரணம், முதல் நாளில் அவர்களுக்குக் கஷ்டம். வாத்தியத்தைத் தொடும் முன் நான்கு பேரும் கை தாளத்தோடு வாயால் பத்துத் தடவை சொல்லுங்கள். வாயில் வராதது விரலில் வராது. வில்லை உயர்த்தினால் அடுத்த ஆவர்த்தனத்தில் இது வருகிறது என்று சைகை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்க்கும்படி வட்டமாக உட்காருவது இதற்காகத்தான்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. கிட்டார் ஆம்பைத் தரையில் வைத்தால் அவருக்குக் கால்தான் கேட்கும், கூட்டிக்கொண்டே போவார். நாற்காலிமேல் ஏற்றி அவர் காதைப் பார்த்து வையுங்கள், தானே குறைப்பார். கஹோனின் பின்பக்க ஓட்டை சுவரை ஒட்டியிருந்தால் அடிச்சத்தம் வீங்கி பேஸை விழுங்கும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் ஒரு ஜமக்காளம் விரித்தாலே பாதி இரைச்சல் அடங்கும். நீங்கள் வாசிக்கும்போது கிட்டார் கனத்த மூன்று கம்பிகளில் மட்டும் இருக்கட்டும். வயலின் நடமாடும் இடம் காலியாக இருக்க வேண்டும்.

இதுவரை சொன்ன சுருதியும் கணக்கும் உறுதியானவை, யார் அளந்தாலும் அப்படியே வரும். இனிச் சொல்வது என் அபிப்பிராயம். அனுபவமுள்ள வித்வான்களே இதில் ஒத்துப்போவதில்லை. கார்டு சேர்ந்த பிறகு ராகம் ராகமாக இருக்கிறதா? என் காதுக்கு, அசையாத சாவின்மேல் சா-பா மட்டும் ஒலிக்கும்வரை ராகம் இருக்கிறது. இரண்டு கார்டு மாறி மாறி வரத் தொடங்கியதும் அந்த ராகத்தின் சுரங்களில் அமைந்த ஒரு பாட்டு மெட்டாக ஆகிறது. அது தாழ்ந்த விஷயம் ஒன்றும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் ஐரோப்பிய மெட்டுகளுக்குக் கமகம் இல்லாமல் அமைந்தவை, அவற்றை நாம் அன்போடு குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம். சொல்லப்போனால் உங்கள் குழுவுக்கு எழுதிய பாடம் ஒன்று வேண்டுமென்றால் நோட்டுஸ்வரம்தான் நல்ல தொடக்கம், கார்டு இடிக்காமல் உட்காரும். ஆனால் கார்டு வைத்து வாசித்ததை ‘கல்யாணி ஆலாபனை’ என்று சொல்லிக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். கமகத்தை எவ்வளவு குறைப்பது என்பதும் எழுதித் தீர்க்கக் கூடியது இல்லை. உங்கள் குரு எதிரில் அமர்ந்து கேட்டுத்தான் சொல்ல முடியும். வேகமாக வீடு மாறும் ஜாஸ் பாட்டுகளுக்கு, அதாவது ஒரு ஆவர்த்தனத்துக்குள் மூன்று நான்கு கார்டு வருபவற்றுக்கு, இங்கே சொன்னவை போதாது. அதற்குத்தான் நீங்கள் கேட்ட தியரி வேண்டும். அது என் கல்விக்கும் வெளியே இருக்கிறது, ஜாஸ் வாசிப்பவரிடமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமை வட்டத்தின் நடுவில் ஒரு போனை வைத்து முழுவதையும் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்கும்போது முதல் தடவை உங்கள் வயலினைக் கவனிக்க வேண்டாம். பேஸை மட்டும் கேட்டு, அது டி-யை விட்டுப் போன நிமிடங்களை ஒரு தாளில் குறியுங்கள். இரண்டாம் தடவை உங்களைக் கேளுங்கள், நீங்கள் தடுமாறிய இடங்களை அதே தாளில் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு வரிசையையும் பேஸ்காரரிடம் காட்டிப் பேசிவிட்டு, கரகரப்ரியாவையே மறுபடி எடுங்கள்.